மின்மாற்றிகளின் முதுமையும் மாற்றத் திட்டமும்

பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு

முன்னுரை

மின் நிலையத்தில் பிறக்கும் மின்சாரம் நம் வகுப்பறை மின்விசிறியை வந்தடைவதற்குள் பலமுறை உருமாறுகிறது. தொலைதூரம் செல்லும்போது அதன் மின்னழுத்தம் மிக உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் கம்பிகளிலேயே பெரும்பகுதி வெப்பமாகி வீணாகும். வீட்டிற்குள் நுழையும்போதோ அது தாழ்ந்திருக்க வேண்டும். இவ்வாறு உயர்த்துவதும் தாழ்த்துவதும் மின்மாற்றியின் பணியாகும். 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. 1885இல் புடாபெஸ்ட் நகரில் ஸிபெர்னோவ்ஸ்கி, டேரி, பிளாத்தி என்னும் மூவர் மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றியை உருவாக்கினர். நாடு தழுவிய மின் வலையமைப்புகளுக்கு வழி திறந்த கருவிகளுள் அது முதன்மையானது.

நம் பாடநூலில் மின்மாற்றி என்றும் இளமையானது. முதன்மைச் சுருளின் சுற்றுகளையும் துணைச் சுருளின் சுற்றுகளையும் கொடுத்து மின்னழுத்தத்தைக் கேட்பார்கள். நாமும் விடை எழுதிவிடுவோம். அந்த மின்மாற்றி எத்தனை ஆண்டுகள் உழைத்தது, இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. ஆனால் மின்துறைப் பொறியாளர்களுக்கு அன்றாடம் எழும் கேள்வி அதுவே. அக்கேள்விக்கு விடை தேடும் முறையை என்னால் இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெருமுனையில் நாம் காணும் டிரான்ஸ்பார்மர் பழுதானால், லாரியில் வேறொன்றைக் கொண்டுவந்து விரைவில் மாற்றிவிடலாம். நான் இங்கே பேசுவது துணைமின்நிலையங்களில் நிற்கும் பெரிய திறன் மின்மாற்றிகளைப் பற்றி. இவற்றுள் பெரியவை நூறு டன்னுக்கு மேல் எடையுள்ளவை. விலை கோடிக்கணக்கில். கடையில் சென்று வாங்கும் பொருளன்று. குறிப்பிட்ட இடத்திற்கென வடிவமைத்துச் செய்யப்படுவது. அண்மை ஆண்டுகளில், ஆணை கொடுத்த நாளிலிருந்து வந்து சேர இரண்டு ஆண்டுகளும், மிகப் பெரியவற்றுக்கு நான்கு ஆண்டுகள் வரையும் ஆகின்றன. பழுதான பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாததற்கு இதுவே காரணம்.

எது முதுமையடைகிறது?

மின்மாற்றியில் அசையும் உறுப்புகள் மிகக் குறைவு. இரும்புத் தகடுகளாலான உள்ளகமும் செப்புச் சுருள்களும் எளிதில் தேய்வதில்லை. பின் எது முதுமையடைகிறது? விடை வியப்பானது: தாள்.

செப்புக் கம்பியின் ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றைத் தொடாதபடி தாள் சுற்றப்பட்டிருக்கிறது. மரக்கூழிலிருந்து செய்த சாதாரணச் செல்லுலோஸ் தாள்தான். சுருள்கள் முழுவதும் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. எண்ணெய் வெப்பத்தை வெளியே கொண்டு செல்கிறது. தாளோடு சேர்ந்து மின்காப்பாகவும் நிற்கிறது.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் வளையங்கள் கோத்த நீண்ட சங்கிலி என்பதை வேதியியல் நண்பர்கள் அறிவர். புதிய தாளில் ஒரு சங்கிலிக்குச் சராசரியாக 1,000 முதல் 1,200 வளையங்கள் இருக்கும். வெப்பம், ஈரம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் இச்சங்கிலியை அறுத்துக்கொண்டே இருக்கின்றன. சராசரி 200 வளையங்களுக்கு இறங்கிவிட்டால் தாளின் ஆயுள் முடிந்ததாகக் கொள்வர். அப்போதும் தாள் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பழைய ஓலைச்சுவடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும். வெளியே மின்பாதையில் எங்கேனும் குறுக்குச் சுற்று ஏற்பட்டால், சுருள்களின் வழியே பெருமின்னோட்டம் பாய்ந்து அவற்றை உதறும். நல்ல தாள் அந்த உதறலைத் தாங்கும். நொறுங்கிய தாள் தாங்காது.

இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் டேப் சேஞ்சரின் தொடுமுனைகளைப் புதுப்பிக்கலாம். தொட்டியிலிருந்து கம்பியை வெளியே கொண்டுவரும் புஷிங்குகளை மாற்றலாம். தாளை மட்டும், சுருளையே அவிழ்த்துப் புதிதாகச் சுற்றினாலன்றி, மாற்ற இயலாது. ஆகவே தாளின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுள் எனலாம்.

வெப்பமும் ஆயுளும்

தாள் எவ்வளவு விரைவாக அழிகிறது என்பதற்கு ஓர் எளிய விதி உண்டு. 1930இல் மான்ட்சிங்கர் என்னும் பொறியாளர், வெப்பநிலை ஏறத்தாழ 8 பாகை உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்று எழுதினார். இன்றைய பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வழிகாட்டி, சாதாரணத் தாளுக்கு 6 பாகை என்று கொள்கிறது. சுருளின் மிகச் சூடான புள்ளி 98 பாகை செல்சியஸில் இருந்தால் முதுமையின் வேகம் 1. 104 பாகையில் 2. 110 பாகையில் 4. மறுபுறம் 92 பாகையில் பாதி. 86 பாகையில் கால். 80 பாகையில் அரைக்கால்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மின்மாற்றி நாள்தோறும் 8 மணி நேரம் 104 பாகையிலும், மீதி 16 மணி நேரம் 86 பாகையிலும் இயங்குகிறது என்க. முதல் பகுதியில் 16 மணி நேர முதுமை. அடுத்த பகுதியில் 4 மணி நேர முதுமை. மொத்தம் 20. ஒரு நாள் கழிந்தும் அதற்கு ஒரு நாள் வயது கூடவில்லை. அதே மின்மாற்றியில் சுமை கூடி, அந்த 8 மணி நேரமும் 110 பாகை ஆனால், 32 உடன் 4 சேர்ந்து 36 ஆகும். இப்போது ஒரு நாளில் ஒன்றரை நாள் வயதாகிறது. வெறும் 6 பாகைதான் வேறுபாடு!

ஐம்பது, அறுபது ஆண்டுகளான மின்மாற்றிகள் பல நாடுகளில் நலமாக இயங்கும் மர்மம் இங்கே விளங்குகிறது. துணைமின்நிலையங்களில் ஒன்று பழுதானால் மற்றொன்று சுமையை ஏற்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிறுவுவர். ஆகவே ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பாதிச் சுமையில், குளிர்ந்த நிலையில் காலம் கழிக்கிறது. நாற்பது ஆண்டுகள் 80 பாகையிலேயே இயங்கிய மின்மாற்றிக்கு, வெப்பத்தை மட்டும் கொண்டு பார்த்தால், ஐந்தாண்டு முதுமைதான். ஆனால் ஈரம் புகுந்துவிட்டால் இக்கணக்கு முழுவதும் தவறிவிடும். ஈரமான தாள் பல மடங்கு விரைவாக அழியும்.

கணக்குப் புத்தகத்தின் வயது வேறு, உண்மை வயது வேறு என்பதும் இதனால் தெளிவாகும். நம் நாட்டில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2009ஆம் ஆண்டு விதிகள் துணைமின்நிலையத்தின் பயன்பாட்டு ஆயுளை 25 ஆண்டுகள் என்று வகுத்தன. அது கட்டணம் கணக்கிடுவதற்கான எண். தாளுக்கு அந்த எண் தெரியாது.

திறக்காமலே நோயறிதல்

தாளின் நிலையை அறியத் தொட்டியைத் திறந்து தாளைக் கிழித்துப் பார்க்க முடியுமா? தேவையில்லை. மருத்துவர் இரத்தத்தைச் சோதிப்பதுபோல் பொறியாளர் எண்ணெயைச் சோதிக்கிறார்.

எண்ணெயும் தாளும் சிதையும்போது வாயுக்கள் உண்டாகி எண்ணெயில் கரைகின்றன. எந்த வாயு எவ்வளவு என்பது உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஹைட்ரஜன் மட்டும் கூடினால் சிறு மின்கசிவுப் பொறிகள். எத்திலீன் கூடினால் எங்கோ உலோகம் கடுஞ்சூடாகிறது. அசிட்டிலீன் தோன்றினால் மின்வில் பாய்கிறது என்று பொருள். கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் தாளின் சிதைவைக் குறிக்கும். கனடா நாட்டின் மிஷல் டுவால் 1974இல் மூன்று வாயுக்களின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் குறித்து நோயை அறியும் முறையை வெளியிட்டார். இன்றும் ஆய்வகங்களில் அது பயன்படுகிறது. தாள் அழியும்போது ஃப்யூரான் என்னும் வகைச் சேர்மங்களும் எண்ணெயில் கரைகின்றன. அவற்றின் அளவிலிருந்து சங்கிலியின் நீளத்தையே மதிப்பிடலாம்.

இவற்றோடு அன்றாடக் கண்காணிப்பும் உண்டு. எண்ணெய் சூடாகி விரியும்போது மின்மாற்றி காற்றை வெளியே விடுகிறது; குளிரும்போது உள்ளிழுக்கிறது. உள்ளே வரும் காற்றின் ஈரத்தைச் சிலிகா ஜெல் உறிஞ்சுகிறது. நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானால் அவை ஈரத்தால் நிரம்பிவிட்டன என்று அறியலாம். என் தந்தையார் ஒரு துணைமின்நிலையத்தில் பணியாற்றியவர். மணிக்கொரு முறை எண்ணெயின் வெப்பநிலையையும் சுமையையும் பதிவேட்டில் எழுதுவார். சிறுவனாயிருந்தபோது எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. முதுமைக் கணக்கைக் கற்ற பிறகுதான் அந்தப் பதிவேடே மின்மாற்றியின் வாழ்க்கை வரலாறு என்பது புரிந்தது.

எதை முதலில் மாற்றுவது?

நூறு மின்மாற்றிகள் உள்ளன. இவ்வாண்டு இரண்டுக்குத்தான் பணம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். வயதில் மூத்த இரண்டைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆனால் சரியா?

சீக்ரே என்னும் பன்னாட்டு மின்பொறியியல் அமைப்பு 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 21 நாடுகளின் மின் நிறுவனங்களிலிருந்து 964 பெரும் பழுதுகளை அது திரட்டியது. ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவான மின்மாற்றிகளே பெரும்பழுது அடைகின்றன என்பது தெரிந்தது. சுருள், டேப் சேஞ்சர், புஷிங் ஆகியவையே பழுதுகளின் முக்கிய இருப்பிடங்கள். வயது ஏற ஏறப் பழுதும் சீராக ஏறும் என்று நாம் எதிர்பார்ப்போம். அத்தகைய தெளிவான ஏற்றம் அதில் தென்படவில்லை. வயது ஓர் அடையாளமே, தீர்ப்பன்று.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். இது பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு? பழுதானால் விளையும் இழப்பு எவ்வளவு? பிரிட்டனின் மின் விநியோக நிறுவனங்களுக்கென 2010களின் நடுவில் வகுக்கப்பட்ட பொது முறை இதையே செய்கிறது. நலத்திற்கு ஐந்து படிகள், முக்கியத்துவத்திற்கு நான்கு படிகள். இருபது கட்டங்கள் கொண்ட ஒரு பலகை. ஒவ்வொரு மின்மாற்றியும் ஏதேனும் ஒரு கட்டத்தில் அமரும்.

வணிகவியல் நண்பர்களுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. புதிய மின்மாற்றியின் விலை 8 கோடி ரூபாய். வட்டி நூற்றுக்கு 8. மாற்றுவதை ஓராண்டு தள்ளிப்போட்டால் மிச்சமாகும் வட்டி 64 லட்சம். இப்போது இரண்டு மின்மாற்றிகள். முதலாவது முதியது, பழுதாகும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் நான்கு. ஆனால் அது சிற்றூர்களுக்கு மின்சாரம் தருவது, மாற்று வழியும் உண்டு. இழப்பு 5 கோடி. பெருக்கினால் ஆண்டுக்கு 20 லட்சம். இரண்டாவது இளையது, வாய்ப்பு நூற்றில் இரண்டு. ஆனால் பெரிய மருத்துவமனையும் தொழிற்பேட்டையும் அதை நம்பியுள்ளன. இழப்பு 60 கோடி. பெருக்கினால் 120 லட்சம். 64 லட்சத்தைத் தாண்டுவது இரண்டாவதே. வாய்ப்பு பாதியாக இருந்தும் இளையதே முதலில் மாற்றத்தக்கது.

இன்னும் ஒரு படி செல்லலாம். இரண்டாவதன் குறை பழைய புஷிங்கில்தான் என்று சோதனை காட்டுகிறது என்க. சில லட்சம் செலவில் அதை மாற்றினால் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகும். ஆண்டு இழப்பு 60 லட்சமாக இறங்கும். புதிய மின்மாற்றி வந்துசேரும் வரை காலத்தை வாங்கிக்கொள்ளலாம். முழுவதும் மாற்றுவது, உறுப்பை மாற்றுவது, எண்ணெயை உலர்த்திச் சுத்தம் செய்வது, முக்கியத்துவம் குறைந்த இடத்திற்கு இடம் மாற்றுவது, பொருந்தும் உதிரி மின்மாற்றி ஒன்றை இருப்பில் வைப்பது ஆகிய அனைத்தும் திட்டத்தின் கருவிகளே. புதியதில் மின்னிழப்பு குறைவு என்பதையும் வரவில் வைக்க வேண்டும். உள்ளகத்தின் இழப்பு 30 கிலோவாட் குறைந்தால், இரவும் பகலும் இயங்குவதால், ஆண்டுக்கு 2,62,800 யூனிட் மிச்சமாகும்.

ஆனால் இக்கணக்கில் ஒரு குறையும் உண்டு. மருத்துவமனை இருளில் மூழ்குவதற்கு எத்தனை கோடி என்று யார் விலை வைப்பது? அந்த எண்ணைச் சிறிதாக எழுதினால் கணக்கு எப்போதும் “பொறுத்திரு” என்றே விடை சொல்லும். எண்களை ஊகிப்பவர்கள் தம் ஊகத்தை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அலையாய் வரும் முதுமை

தனி மின்மாற்றியைப் பார்த்தோம்; இனிக் கூட்டத்தைப் பார்ப்போம். நாடு தழுவிய வலையமைப்பை முன்னதாகவே அமைத்த நாடுகளுள் ஒன்று பிரிட்டன். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே 1,32,000 வோல்ட் வலையமைப்பு எழுந்தது. 1950களில் 2,75,000 வோல்ட், 1960களில் 4,00,000 வோல்ட் என அது வளர்ந்தது. போருக்குப் பின் தொழில்கள் பெருகிய அந்த இருபதாண்டுகளில் மின்மாற்றிகள் ஏராளமாக நிறுவப்பட்டன. ஒரே காலத்தில் பிறந்தவை ஒரே காலத்தில் முதுமை எய்தும் அல்லவா?

கற்பனையாக, ஒரு வலையமைப்பில் 600 மின்மாற்றிகள். அவற்றுள் 400 மட்டும் 1960 முதல் 1969 வரை வாங்கியவை என்போம். ஒவ்வொன்றையும் அறுபது வயதில் மாற்றினால், 2020 முதல் பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 40 வாங்க வேண்டும். மற்றைய 200ஐ எஞ்சிய ஐம்பது ஆண்டுகளில் பரப்பினால் ஆண்டுக்கு 4தான். நான்கைப் பொருத்தப் பழகிய ஆட்கள் நாற்பதை எவ்வாறு பொருத்துவர்? தொழிற்சாலைகள் எவ்வாறு தரும்? ஒவ்வொன்றையும் மாற்ற மின்சாரத்தை நிறுத்த வேண்டுமே. ஒரே சமயத்தில் எத்தனை இடங்களில் நிறுத்த முடியும்?

அலையைத் தாழ்த்துவதற்கு வழி, முன்னதாகவே தொடங்குவதுதான். 2010இல் தொடங்கி 2034 வரை 25 ஆண்டுகளில் பரப்பினால் ஆண்டுக்கு 16. நலிந்தவை ஐம்பதிலேயே விடைபெறும். நலமாயிருப்பவை எழுபதையும் தாண்டலாம். எவை நலிந்தவை என்று தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். எண்ணெய்ச் சோதனையும் திட்டமும் ஒன்றையொன்று தாங்குவதை இங்கே காண்கிறோம்.

நார்த் ஹைட் தரும் பாடம்

அந்த 1960களின் தலைமுறையைச் சேர்ந்த மின்மாற்றி ஒன்றின் கதை உலகச் செய்தியாயிற்று. 2025 மார்ச் 20 இரவு, லண்டனின் மேற்கே உள்ள நார்த் ஹைட் துணைமின்நிலையத்தில் 2,75,000 வோல்ட் மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. அருகிலிருந்தவையும் இயக்கத்திலிருந்து விலகின. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. மறுநாள் பகல் பொழுதின் பெரும்பகுதி ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டது. 1,300க்கும் மேற்பட்ட விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. ஹீத்ரோவுக்கு மூன்று வழிகளில் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டும் நலமாகவே இருந்தன. ஆயினும் உள்ளே இணைப்புகளை மாற்றியமைக்கப் பல மணி நேரம் தேவைப்பட்டது.

பிரிட்டனின் தேசிய மின் அமைப்பு இயக்கும் நிறுவனம் 2025 ஜூலையில் இறுதி அறிக்கை வெளியிட்டது. புஷிங்கிற்குள் புகுந்த ஈரமே பழுதுக்குக் காரணமாயிருக்கக்கூடும் என்று அது கூறிற்று. நான் மிகவும் ஊன்றிப் படித்த செய்தி அடுத்தது. 2018 ஜூலையில் எடுத்த எண்ணெய் மாதிரியிலேயே ஈரம் அளவுக்கு மேல் இருந்தது பதிவாகியிருந்தது. அதற்குரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

ஐம்பதைக் கடந்த மின்மாற்றி என்பதனால் மட்டும் அது எரியவில்லை. சோதனை செய்யாததாலும் எரியவில்லை. சோதனை நடந்தது, எண் கிடைத்தது, அந்த எண் செயலாக மாறவில்லை. மேலே நாம் கண்ட விதிகளும் முக்கோணமும் இருபது கட்டப் பலகையும் யாவும் சேர்ந்து ஓர் எண்ணைத்தான் தரும். அந்த எண்ணைக் கண்டவர் யாரிடம் சொல்ல வேண்டும், கேட்டவர் எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிடில் அடுத்து யார் கேட்பது என்பவற்றையும் வகுத்தால்தான் அது திட்டம் என்னும் பெயருக்குத் தகும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். மின்மாற்றியின் ஆயுள் அதன் தாளில் உள்ளது. அதைக் குறைப்பவை வெப்பமும் ஈரமும் ஆக்சிஜனும். வயதைக் கொண்டு மட்டும் மாற்றலாகாது. நிலையையும் விளைவையும் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும். ஒரே காலத்தில் பிறந்தவை ஒரே காலத்தில் நலியும் என்பதால், அலை எழுமுன்பே தொடங்கிப் பரப்ப வேண்டும். ஆணை கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ள இக்காலத்தில் இது இன்னும் இன்றியமையாதது.

இது பொறியியல் கல்லூரிக்குரிய பொருள், கலைக் கல்லூரியில் நமக்கென்ன என்று சிலர் கருதக்கூடும். எண்ணெயின் வாயுக்களைப் பகுப்பாய்வது வேதியியல். தாளின் முதுமையைக் கணிப்பது இயற்பியல். பழுதின் வாய்ப்பை மதிப்பிடுவது புள்ளியியல். ஓராண்டு பொறுப்பதன் விலையைச் சொல்வது வணிகவியல். நம்முள் சிலர் நாளை அத்தகைய ஆய்வகங்களிலும் கணக்கு அலுவலகங்களிலும் அமரக்கூடும். அப்போது நம் மேசைக்கு வரும் சோதனைத் தாளில் அளவுக்கு மீறிய எண் ஒன்றைக் கண்டால், கோப்பில் வைத்துக் கட்டிவிடாமல், உரியவர் கையெழுத்திட்டு நடவடிக்கை எடுக்கும்வரை அதைத் தொடர்ந்து செல்வோமாக.